ஹெல்சிங்கோர் துறைமுகம்: கோட்டைக்கு அப்பால் பார்க்க வேண்டியவை எவை?

நெய்தல்

அனைவருக்கும் வணக்கம்.

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் குரோன்போர்க் கோட்டையில் தொடங்கி, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்துக்கு அதுவே களம் என்று சொல்லி, இரண்டு படங்களோடு முடிந்துவிடுகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் கப்பல்களை நம்பி வாழ்ந்த ஓர் ஊரை, அங்கே நடக்காத ஒரு கதைக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பது நியாயமாகாது என்று எனக்குப் படுகிறது.

வரைபடத்தைப் பார்த்தாலே அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். பால்டிக் கடலிலிருந்து வடகடலை நோக்கிச் செல்லும் கப்பல்கள் டேனியத் தீவுகளுக்கு இடையிலுள்ள நீர்வழிகளுள் ஏதேனும் ஒன்றைக் கடந்தாக வேண்டும். அவற்றுள் நேரானதும் வணிகர்கள் பெரிதும் நாடியதும் ஓரெசுண்ட் நீரிணை. அது மிகவும் ஒடுங்கும் இடத்தில், எதிர்க்கரையில் இன்றைய சுவீடனிலுள்ள ஹெல்சிங்போர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், ஹெல்சிங்கோர் அமைந்திருக்கிறது. அவ்வழியே போகும் எந்தக் கப்பலும் கரையிலிருப்பவர்களின் கண்ணுக்குத் தப்ப முடியாது. கோட்டை, தேவாலயங்கள், பழைய தெருக்கள் ஆகிய எல்லாமே இந்த ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவை என்றுதான் நான் கருதுகிறேன்.

விரைவில் கோபன்ஹேகன் செல்லும் வாய்ப்புக் கிடைத்திருப்பதால், ஹெல்சிங்கோருக்கும் ஒரு முழுநாளை ஒதுக்க எண்ணியிருக்கிறேன். ஊரின் கடல்சார் வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும் இடங்களையும் அவற்றின் பின்னணியையும் அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி

வணக்கம், நெய்தல். நீங்கள் சொல்லும் அந்த ஒரே காரணத்துக்கு ஒரு பெயர் உண்டு: ஓரெசுண்ட் சுங்கம். அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் பாதிதான் விளங்கும்.

பொமரேனியாவின் எரிக் என்று அறியப்படும் மன்னர் ஹெல்சிங்கோருக்கு 1426இல் நகர உரிமைகளை வழங்கினார். அதே காலத்தில் கரையின் முனையில் குரோகன் என்ற கோட்டையையும் எழுப்பினார். 1429 முதல் நீரிணையைக் கடக்கும் கப்பல்களிடம் சுங்கம் கேட்கத் தொடங்கினார். முதலில் கணக்கு மிக எளிதாக இருந்தது. கப்பல் பெரிதோ சிறிதோ, ஒரு கப்பலுக்கு ஒரு நோபிள் பொற்காசு. அப்போது நீரிணையின் இரு கரைகளும் டேனிய மன்னரின் கையில் இருந்ததால், ஏன் கேட்கிறாய் என்று எதிர்த்து நிற்பது எவருக்கும் எளிதாக இல்லை.

1567இல்தான் பெரிய மாற்றம் வந்தது. அரசின் நிதியைக் கவனித்துவந்த பேடர் ஓக்ஸே என்பவர், கப்பலுக்கு இவ்வளவு என்றிருந்த வரியைச் சரக்கின் அளவுக்கும் மதிப்புக்கும் ஏற்ற வரியாக மாற்றினார். கப்பல் தலைவர்கள் சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்வார்களே என்ற ஐயத்துக்கு டேனியர்கள் கண்டிருந்த விடை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. தலைவர் தம் சரக்குக்குத் தாமே மதிப்புச் சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன அந்த விலைக்கே சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. மதிப்பைக் குறைத்துச் சொன்னால் சரக்கே கைவிட்டுப் போகலாம். கூட்டிச் சொன்னால் வரி கூடும். ஆகவே உண்மையைச் சொல்வதே அவருக்கு ஆதாயமாக இருந்தது. ஆயுதத்தோடு கப்பலுக்குள் இறங்கிச் சோதனையிடும் ஒரு படை செய்திருக்க வேண்டிய வேலையை இந்த ஒரு விதி செய்து முடித்தது.

கிழக்கே செல்லும் கப்பல்களில் உப்பு, திராட்சை மது, துணி, ஹெரிங் மீன் ஆகியவையும், மேற்கே வரும் கப்பல்களில் ரை தானியம், மரம், தார், கயிறு திரிக்கும் நார் ஆகியவையும் இருந்தன. ஆம்ஸ்டர்டாமின் உணவும் இங்கிலாந்துக் கடற்படையின் பாய்மரமும் கயிறும் இந்த ஊரைக் கடந்தே போயின. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் டேனிய அரசின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு வரை இந்தச் சுங்கத்திலிருந்தே வந்த காலமும் உண்டு.

நீங்கள் அங்கே சென்று பார்க்க முடியாத ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடந்து சென்ற ஒவ்வொரு கப்பலுக்கும் தலைவரின் பெயர், அவருடைய சொந்த ஊர், புறப்பட்ட துறைமுகம், சேருமிடம், சரக்கு, செலுத்திய தொகை ஆகியவற்றைச் சுங்கத்தார் எழுதி வைத்தார்கள். 1497 தொடங்கி 1857 வரையிலான அந்தப் பேரேடுகள், தொடக்ககாலத்தில் சில இடைவெளிகளோடு, சுமார் 700 தொகுதிகளாகக் கோபன்ஹேகனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 18 லட்சம் பயணங்கள் அவற்றில் பதிவாகியுள்ளன. யுனெஸ்கோ அவற்றை 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகமும் திரசோவார் ஆவணக்காப்பகமும் சேர்ந்து அவற்றை இணையத்தில் தேடக்கூடிய தரவுத்தளமாக்கியுள்ளன. ஹெல்சிங்கோரின் மிகப் பெரிய நினைவுச்சின்னம் எது என்று என்னைக் கேட்டால், கோட்டையைச் சொல்ல மாட்டேன். இந்தப் பேரேடுகளைத்தான் சொல்வேன்.

வடகடல்

ஏட்டுச்சுவடியின் பதிவு அருமை. ஆனால் அந்தச் சுங்கத்தை அதன் கணக்கு நுட்பத்துக்காக மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. பணம் கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும்.

குரோன்போர்க்கின் முன்னால் வரும் கப்பல் மேற்பாயைத் தாழ்த்தி வணங்க வேண்டும், நங்கூரமிட வேண்டும், தலைவர் படகில் கரைக்கு வந்து தம் ஆவணங்களைக் காட்டிப் பணம் செலுத்த வேண்டும். வணங்காமல் போனால் கோட்டையிலிருந்து எச்சரிக்கைக் குண்டு வரும். அந்தக் குண்டுக்கான செலவையும் அவரிடமே வாங்குவார்கள். இதைப் பொறுத்துக்கொண்டவர்கள் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டார்கள். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் போர்ச்செலவுக்காகத் தீர்வையை உயர்த்திக்கொண்டே போனபோது, 1645இல் டச்சு நாட்டினர் விட்டே டி வித் என்ற தளபதியின் போர்க்கப்பல்கள் துணைவர, தங்கள் வணிகக் கப்பல்களைச் சுங்கம் செலுத்தாமலே நீரிணையைக் கடக்கச் செய்தனர். கோட்டை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டே தீர்வை குறைக்கப்பட்டது.

கோட்டையைப் பற்றியும் இதே கோணத்தில் சில சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர் 1574 முதல் 1585 வரை பழைய குரோகனை மாற்றிக் கட்டி, மணற்கல் முகப்பும் செம்புக் கூரையும் கொண்ட குரோன்போர்க் அரண்மனையாக்கினார். சுங்கப் பணத்தில் எழுந்த மாளிகை அது. கப்பலில் இருப்பவர்களின் கண்ணில் படுவதற்காகவே அவ்வளவு அழகாகக் கட்டப்பட்டது என்பது என் எண்ணம். அதன் விருந்து மண்டபத்தின் நீளம் மட்டும் 62 மீட்டர். 1629இல் தீப்பிடித்து, தேவாலயம் நீங்கலாக ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. நான்காம் கிறிஸ்டியன் அதை மீண்டும் எழுப்பினார்; அதற்காகவும் சுங்கமே கூட்டப்பட்டது.

1658 அந்தக் கோட்டையின் வரலாற்றில் மிக மோசமான ஆண்டு. ரோஸ்கில்டே உடன்படிக்கையால் எதிர்க்கரையிலுள்ள ஸ்கோனே நிலப்பகுதி சுவீடனுக்குப் போயிற்று. அதே ஆண்டில் கார்ல் குஸ்தாவ் விராங்கல் தலைமையிலான சுவீடியப் படை கோட்டையைச் சில வாரங்களிலேயே கைப்பற்றி, முற்றத்திலிருந்த நீரூற்று உட்பட விலைமதிப்புள்ள பலவற்றை அள்ளிச் சென்றது. 1660இல் கோட்டை திரும்பக் கிடைத்தது, எதிர்க்கரை கிடைக்கவில்லை. அதன் விளைவு 1801 மார்ச் 30 அன்று வெளிப்பட்டது. ஹைட் பார்க்கரும் நெல்சனும் நடத்தி வந்த பிரித்தானியக் கடற்படை நீரிணைக்குள் நுழைந்தபோது குரோன்போர்க் பீரங்கிகள் முழங்கின. ஆனால் சுவீடன் பக்கத்துப் பீரங்கிகள் அமைதியாக இருந்ததால், கப்பல்கள் அந்தக் கரையை ஒட்டிச் சென்று சேதமின்றித் தப்பின. ஒரு கரையை மட்டும் வைத்துக்கொண்டு நீரிணையை அடைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. கோட்டையின் வல்லமையை அளவுக்கு மீறிப் போற்றும் எழுத்துகள் இந்த நாளைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

ஏட்டுச்சுவடி

வடகடல் சொல்லும் நிகழ்ச்சிகள் எல்லாமே உண்மை. ஆயினும் கப்பல்களுக்குப் பதிலாக எதுவுமே கிடைக்கவில்லை என்ற பொருளில் அதைப் படித்துவிடக் கூடாது. 1560களில் இரண்டாம் ஃபிரெடரிக், ஸ்காகன் முனையிலும் ஆன்ஹோல்ட் தீவிலும் குல்லன் குன்றிலும் கப்பல்களுக்கு வழிகாட்டும் தீ விளக்குகளை ஏற்பாடு செய்தார். மணல்திட்டுகள் நிறைந்த அந்தக் கடலில் இரவில் வழி தெரிவது உயிர்ப் பிரச்சினை. சுங்கம் வாங்குபவரே விளக்கும் ஏற்ற வேண்டும் என்ற பொறுப்பு அப்போதே ஏற்கப்பட்டிருந்தது. குரோன்போர்க்கின் வடகிழக்குக் கோபுரத்திலும் 18ஆம் நூற்றாண்டிலிருந்து கலங்கரை விளக்கம் இருக்கிறது. நெய்தல் கோட்டைக்குச் செல்லும்போது அந்தக் கோபுரத்தை வெளியிலிருந்து கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வடகடல்

விளக்குகளை மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய தொகைக்கும் விளக்குகளுக்கு ஆன செலவுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. மிச்சம் அரண்மனையாகவும் போராகவும் மாறியது என்பதே என் வாதம்.

நெய்தல்

இருவருக்கும் நன்றி. மன்னரையும் சுங்கத்தாரையும் பற்றி அறிந்துகொண்டேன். ஊர் மக்களும் மாலுமிகளும் எப்படி வாழ்ந்தார்கள்? நங்கூரமிட்ட கப்பலிலிருந்து இறங்கியவர் எங்கே போனார், நோயுற்றால் எங்கே படுத்தார் என்பதை இன்றைக்கும் காட்டக்கூடிய இடங்கள் உள்ளனவா?

கலங்கரை

நான் டென்மார்க்கில் வசிப்பவள். இலங்கையிலிருந்து வரும் உறவினர்களை அந்த ஊருக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. நெய்தல் கேட்ட கேள்விக்கு அங்கே நல்ல விடை இருக்கிறது.

தொடர்வண்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் புனித மரியாள் தேவாலயமும் அதனோடு ஒட்டிய கார்மேல் சபைத் துறவிமடமும் வரும். 1430இல் அதே எரிக் மன்னரின் காலத்தில் தொடங்கப்பட்ட மடம் அது. சிவப்புச் செங்கல் சுவர்களும் நடுவிலுள்ள முற்றமும் அதைச் சுற்றிய நடைகூடமும் சிதையாமல் நிற்கின்றன. வட ஐரோப்பாவில் இவ்வளவு முழுமையாக எஞ்சிய மடங்கள் மிகச் சிலவே. துறவிகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயல்நாட்டு மாலுமிகளுக்கென்றே ஒரு மருத்துவமனையை அருகில் கட்டினார்கள். கார்மேல் இல்லம் என்ற பெயரில் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. நகர அருங்காட்சியகம் அதற்குள்தான் இயங்குகிறது. தம் மொழி தெரியாத ஊரில் காய்ச்சலோடு இறக்கிவிடப்பட்ட ஒரு மாலுமிக்கு அந்தக் கூரை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்பதை நினைக்காமல் என்னால் அதற்குள் நுழைய முடிவதில்லை.

சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் தேவாலயம் ஊரில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழிபாட்டிடமாயிற்று. இசையமைப்பாளர் டீட்ரிக் புக்ஸ்டெஹூட 1660 முதல் 1668 வரை அங்கே ஆர்கன் வாசித்தார். பிறகுதான் லூபெக் நகருக்குச் சென்று புகழ்பெற்றார். சிறிய ஊரொன்றில் அயல்மொழி பேசுவோருக்கெனத் தனித் தேவாலயமும் தனி இசைஞரும் இருந்தது, அங்கே எத்தனை நாட்டவர் கூடியிருந்தனர் என்பதைக் காட்டுகிறது. டேனிய மக்களின் தேவாலயமான புனித ஒலாய் ஆலயம் அடுத்த தெருவில் இருக்கிறது. 1961 முதல் அது பேராலயம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாய்க்கப்பல்கள் சுங்கம் செலுத்துவதற்காக மட்டும் நிற்கவில்லை. சாதகமான காற்று வரும்வரை நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில், ஊருக்கு முன்னால் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. நல்ல துறைமுகம் அமைந்ததே 1820களில்தான். அதுவரை கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, சிறு படகுகள் கரைக்கும் கப்பலுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. குடிநீர், இறைச்சி, ரொட்டி, பீர், கயிறு, பாய்த்துணி ஆகியவற்றை விற்றவர்களும், அயல்நாட்டுத் தூதரக முகவர்களும், மதுக்கடைக்காரர்களும், படகோட்டிகளும் அந்தக் காத்திருப்பால் வாழ்ந்தார்கள். ஸ்ட்ராண்ட் வீதி, ஸ்டென் வீதி ஆகிய பழைய தெருக்களில் நிற்கும் வணிகர் வீடுகளின் முகப்பைப் பார்த்தாலே அந்தச் செழிப்புத் தெரியும். தெருக்களை அவசரமாகக் கடந்து நேரே கோட்டைக்குப் போய்விட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

ஏட்டுச்சுவடி

கலங்கரை சொன்ன அந்தச் செழிப்பு எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 1850களில் ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் நீரிணையைக் கடந்தன. கடல் அனைவருக்கும் பொது என்ற எண்ணம் வலுப்பட்டிருந்த காலம் அது. அமெரிக்கா, இந்தச் சுங்கத்தை இனிமேல் செலுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. டேனிய அரசு மோதலுக்குப் போகாமல், ஐரோப்பிய நாடுகளைக் கோபன்ஹேகனுக்கு அழைத்துப் பேசியது. 1857 மார்ச் 14 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி சுங்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது. ஈடாக 3 கோடியே 35 லட்சம் ரிக்ஸ்டாலர் (அன்றைய டேனிய நாணயம்) தொகையைக் கடல்வணிக நாடுகள் பகிர்ந்துகொண்டன. அதில் மிகப் பெரிய பங்குகள் பிரித்தானியாவுக்கும் ரஷ்யாவுக்கும் உரியவை. அமெரிக்கா தனி உடன்படிக்கை செய்துகொண்டு 3,93,011 டாலர் கொடுத்தது. 428 ஆண்டுகள் நீடித்த வரி ஒரு குண்டும் வெடிக்காமல் முடிந்தது.

அரசுக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. ஹெல்சிங்கோருக்குக் கிடைத்தது வேலையின்மை. நிற்க வேண்டிய கட்டாயம் இல்லாத கப்பல்கள் நிற்காமலே போயின; அதற்குள் நீராவிக் கப்பல்களும் பெருகிவிட்டதால் காற்றுக்காகக் காத்திருப்போரும் குறைந்தார்கள்.

பட்டறைக்காரர்

கப்பல் பழுதுபார்க்கும் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த விவாதம் 1857இல் நின்றுவிடக் கூடாது என்று விரும்புகிறேன். அந்த ஊரை மீண்டும் எழுப்பியது கப்பல் கட்டும் தளம்.

மாட்ஸ் ஹோல்ம் என்பவர் 1882இல் அதைத் தொடங்கினார். கோட்டைக்கும் நகருக்கும் இடையிலுள்ள நிலத்தில் இரும்புக் கப்பல்கள் உருவாயின. கோபன்ஹேகனிலிருந்து 1864இலேயே தொடர்வண்டிப் பாதை வந்திருந்ததால் இரும்பும் நிலக்கரியும் ஆட்களும் வருவது எளிதாயிற்று. அதன் உச்சத்தில், 1950களில், அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அந்த அளவுள்ள ஊருக்கு அது ஏறக்குறைய எல்லா வீடுகளையும் தொடும் எண்ணிக்கை. எஸ்பியர்க்குக்கும் இங்கிலாந்தின் ஹாரிச்சுக்கும் இடையே ஓடிய ‘குரோன்பிரின்ஸ் ஃபிரெடரிக்’ போன்ற பயணிகள் கப்பல்கள் அங்கே கட்டப்பட்டவையே. 1983இல் தளம் மூடப்பட்டது. ஆசிய நாடுகளின் போட்டியும் எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியும் ஐரோப்பா முழுவதும் இப்படிப் பல தளங்களை வீழ்த்தின.

இப்போது அங்கே பார்க்க வேண்டியது உலர் கப்பல்துறை. ஏறத்தாழ 150 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழம் கொண்ட காங்கிரீட் பள்ளம். கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, வாயிலை அடைத்து, நீரை இறைத்து வெளியேற்றினால், கப்பல் கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடும். அடிப்பாகம் முழுவதும் கைக்கு எட்டும். பலரும் நினைப்பதுபோல் அப்படிப்பட்ட பள்ளத்துக்கு ஆபத்து உள்ளே இருக்கும் கப்பலின் எடையால் வருவதில்லை. நீரை இறைத்த பிறகு, சுற்றியுள்ள நிலத்தடி நீர் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளும். காலியான துறை தானே ஒரு கப்பலைப்போல் மிதக்கப் பார்க்கும். அதனால்தான் இத்தகைய துறைகளின் அடித்தளத்தைப் பூமிக்குள் ஆழமாக நங்கூரக் கம்பிகளால் பிணைக்கிறார்கள்.

தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் 1915 முதல் குரோன்போர்க்குக்குள் இருந்தது. புதிய இடம் தேவைப்பட்டபோது இந்தத் துறையைத் தேர்ந்தார்கள். கோட்டை 2000 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால், அதை மறைக்கும் எந்தக் கட்டடமும் தரைக்கு மேல் எழக் கூடாது. பியார்கே இங்கல்ஸ் குழுமத்தின் கட்டடக் கலைஞர்கள், பள்ளத்துக்குள் அருங்காட்சியகத்தை இறக்கிவிடாமல், பள்ளத்தை வெறுமையாகவே விட்டு, அதன் சுவர்களுக்கு வெளியே மண்ணுக்கடியில் காட்சிக்கூடங்களைச் சுற்றி அமைத்தார்கள். சரிவான பாலங்கள் மட்டும் பள்ளத்தைக் குறுக்கே கடக்கின்றன. 2013 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. துறையின் பழைய சுவர்களில் கீறலும் கறையும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. பள்ளத்தின் அடியில் நின்று மேலே பார்த்தால்தான் ஒரு கப்பல் எவ்வளவு பெரியது என்பது உடம்புக்கே தெரியும். அங்கே வெல்டிங் செய்த தொழிலாளி நாள்தோறும் கண்டது அந்தக் காட்சியைத்தான். என் கணக்கில் அந்த ஊரின் முதன்மையான சின்னம் அதுவே.

வடகடல்

பட்டறைக்காரர் ஐயா சொன்ன தொழில்நுட்ப விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அருங்காட்சியகத்துக்குள் உள்ளவை டேனியக் கடல்வணிகத்தின் பொதுவான வரலாறு. பெரிய கப்பல் நிறுவனங்களும் தொலைதூரக் கடல்களும் கொள்கலன்களும் அங்கே நிறைந்திருக்கின்றன. அந்தத் துறையில் வேலை செய்து, 1983இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை அதன் மையத்தில் இல்லை. அழகிய பள்ளம் கட்டடக் கலைஞர்களின் புகழாக மாறிவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பட்டறைக்காரர்

அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை ஊரைவிட்டுப் போய்விடவில்லை. துறைக்கு அருகிலேயே தளத்தின் பழைய பட்டறைக் கட்டடங்கள் 2010இல் பண்பாட்டு நிலையமாக மாற்றப்பட்டன. நூலகமும் அரங்கும் அதில் உள்ளன. தளத்தின் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் சிறு அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் இருக்கிறது. கருவிகளும் பணிமனைகளின் மாதிரிகளும் அங்கேதான். பெரிய அருங்காட்சியகத்தைப் பார்ப்பவர்களில் பலர் இதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள் என்பதே உண்மையான குறை. நெய்தல் இரண்டையும் பார்க்க வேண்டும். முடிந்தால் சிறியதை முதலில்.

அந்த நிலையத்தின் முன்னால், துறைமுக நீரருகே, ‘ஹான்’ என்ற பளபளக்கும் எஃகுச் சிலை ஒன்று 2012 முதல் அமர்ந்திருக்கிறது. கோபன்ஹேகனின் கடற்கன்னிச் சிலைக்கு இணையாக எல்ம்கிரீனும் டிராக்செட்டும் வடித்த ஆண் உருவம். மணிக்கு ஒருமுறை கண் இமைக்கும் அமைப்பு அதில் உண்டு. எனக்குச் சிலையைவிட அதற்குப் பின்னாலுள்ள பாரந்தூக்கிகளும் இரும்புச் சட்டங்களும்தான் பிடித்தவை.

தரங்கை

தமிழர்களுக்கும் இந்த நீரிணைக்கும் ஒரு நேரான உறவு உண்டு என்பதால், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 1616இல் அமைத்த டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1618இல் ஓவே யெட்டே தலைமையில் கப்பல்களை அனுப்பியது. கோபன்ஹேகனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படும் கப்பல் வடக்கே திரும்பி, ஓரெசுண்ட் வழியாக, குரோன்போர்க்கைத் தாண்டித்தான் பெருங்கடலை அடைய முடியும். தரங்கம்பாடிக்கு வந்த டேனியர்கள் தம் நாட்டில் கடைசியாகக் கண்ட பெரிய ஊர்களில் ஒன்று ஹெல்சிங்கோர். அந்தப் பயணத்தில் முன்னோடியாக அனுப்பப்பட்ட சிறு கப்பலின் பெயரே ‘ஓரெசுண்ட்’. ரோலண்ட் கிராப்பே அதை நடத்தி வந்தார். காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கேயர் தாக்கி அதை அழித்தபோது, தப்பியவர்களுள் அவரும் ஒருவர். தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை எட்டி, உடன்பாட்டுக்கு வழி திறந்தவர் அவரே. 1620இல் உடன்படிக்கை ஏற்பட்டு டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனிகளின் ஆவணங்களும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 1997 முதல் இடம்பெற்றிருக்கின்றன.

தரங்கம்பாடியில் கடலை நோக்கி நிற்கும் டான்ஸ்போர்க்கைப் பார்த்தவர்கள், குரோன்போர்க்கின் முன்னால் நின்று அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கம்பெனி அங்கே கட்டியது வணிகக் கிடங்கைக் காக்கும் சிறு கோட்டை. மன்னர் இங்கே கட்டியது உலகத்துக்குக் காட்டுவதற்கான மாளிகை.

கலங்கரை

தரங்கை சொன்ன தகவல்களை எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்வேன். பள்ளியில் அவர்கள் படிப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கதையைத்தான்.

இன்னும் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். முதலாவது, படகுச்சேவை. 1892இல் தொடர்வண்டிப் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் நீராவிப் படகு ஹெல்சிங்கோருக்கும் எதிர்க்கரை ஹெல்சிங்போர்க்குக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2000இல் கோபன்ஹேகனுக்கும் மால்மோவுக்கும் இடையே ஓரெசுண்ட் பாலம் திறந்தபின் தொடர்வண்டிகள் அந்தப் பாதைக்கு மாறிவிட்டன. ஆனாலும் வாகனங்களையும் பயணிகளையும் ஏற்றும் படகுகள் நாள் முழுவதும் போய்வருகின்றன. கடக்க 20 நிமிடம். அவற்றுள் ‘டிக்கோ பிராஹே’, ‘அவுரோரா’ ஆகிய இரண்டும் பழைய டீசல் படகுகளாக இருந்து பேட்டரியில் ஓடுபவையாக மாற்றப்பட்டவை. அப்படி மாற்றியபோது ஒவ்வொன்றிலும் 4,160 கிலோவாட் மணி ஆற்றல் கொண்ட பேட்டரிகள் பொருத்தப்பட்டன. கரை சேர்ந்ததும் ஒரு கோபுரத்திலிருந்து இயந்திரக் கை நீண்டு மின்னிணைப்பைக் கொடுக்கும். சுங்கத்துக்காகக் கப்பல்கள் நின்ற அதே நீரில் இதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது, 1943 அக்டோபர். ஜெர்மானியர்கள் டென்மார்க்கின் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, இந்தக் கரையோரத்து மக்கள் அவர்களை மீன்பிடிப் படகுகளிலும் சிறு படகுகளிலும் இரவோடு இரவாகச் சுவீடனுக்குக் கடத்தினார்கள். நாடு முழுவதிலுமிருந்து 7,000க்கும் மேற்பட்டோர் அப்படித் தப்பினர். ஹெல்சிங்கோரில் இதைச் செய்த குழு ‘ஹெல்சிங்கோர் தையல் கழகம்’ என்ற பெயரால் அறியப்பட்டது. அதில் முன்னின்ற எர்லிங் கீயேர் புத்தகம் கட்டும் தொழில் செய்தவர். தாமே படகோட்டிப் பலரைக் கரைசேர்த்தார். 1944இல் பிடிபட்டு, முகாமில் அடைக்கப்பட்டு, உயிரோடு மீண்டார். போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்த எங்களுக்கு, அந்த ஊரில் கோட்டையைவிட நெருக்கமானது இந்த வரலாறு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்ததனால் மட்டும் அவர்கள் பிழைக்கவில்லை. படகு வைத்திருந்தவர்கள் துணிந்ததால் பிழைத்தார்கள்.

நெய்தல்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. காலையில் கார்மேல் மடமும் மாலுமிகளின் மருத்துவமனையும், பிறகு பழைய தெருக்கள், தளத் தொழிலாளர் அருங்காட்சியகம், உலர் துறை, பிற்பகலில் கோட்டை, மாலையில் படகில் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்புவது என்று வரிசை வைத்திருக்கிறேன். கோட்டையிலிருந்து பார்ப்பதைவிடக் கப்பலிலிருந்து கோட்டையைப் பார்ப்பதே பொருத்தம் என்று வடகடலின் பதிவைப் படித்தபின் தோன்றியது. இந்த வரிசை ஒரே நாளுக்குள் அடங்குமா?

கலங்கரை

நடக்கத் தயங்காதவராக இருந்தால் அடங்கும். எல்லா இடங்களும் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு மாற்றம் சொல்வேன்: கோட்டைக்குப் போதிய நேரம் வைத்து, அதன் நிலவறைகளுக்கும் இறங்குங்கள். நாட்டுக்கு ஆபத்து வரும்போது விழித்தெழுவார் என்று டேனியர்கள் சொல்லும் ஹோல்கர் டான்ஸ்கே என்ற வீரரின் சிலை அங்கேதான் இருக்கிறது. போர்க்காலத்தில் படைவீரர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட இருண்ட, தாழ்ந்த அறைகள் அவை. கோடையிலும் உள்ளே குளிரும், தரையும் சமமாக இராது. ஆகவே கனமான மேலங்கியும் நல்ல காலணியும் அவசியம். படகில் போவதற்குக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், ஏனெனில் அது இன்னொரு நாட்டுக்குச் செல்லும் பயணம். கோட்டையும் அருங்காட்சியகங்களும் திறந்திருக்கும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும்; புறப்படும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.